என் அண்ணன் கடை இருமல் மருந்து

என் கணவருக்கு முதலில் வந்த இருமல் உண்மையான இருமல்தான். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் கப்பல்கள் கரைக்கு வராது. நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். பஞ்சு மூட்டையும் நிலவாகை இலையும் வெங்காயமும் தோணியில் ஏறி அங்கே போகும். அவர் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. மூட்டைகள் கப்பலுக்கு ஏறும்போது பக்கத்தில் நின்று எண்ணுவது அவர் வேலை. யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு ஐப்பசியில், அடைமழையில் மூன்று நாள் தொடர்ந்து தோணியில் நனைந்து வந்தார். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கிடந்தார். அப்போது எங்கள் மகள் கைக்குழந்தை. ஒரு தோளில் அவளும் மறு கையில் வெந்நீர்ச் செம்புமாக நான் வீட்டுக்குள் அலைந்துகொண்டிருந்தேன்.

என் அண்ணன்தான் அந்த மருந்தைக் கொண்டுவந்தான். ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்து தொழில் பழகி, பிறகு சொந்தமாக இங்கிலீஷ் மருந்துக் கடை வைத்தவன். எனக்கும் அவனுக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். அப்பா போன பிறகு எனக்குக் கல்யாணம் செய்து வைத்தவன் அவன். மாப்பிள்ளையாகப் பார்த்ததும் எங்கள் அத்தை மகனைத்தான். சின்ன வயதிலிருந்து மூன்று பேரும் ஒன்றாக விளையாடியவர்கள்.

சின்னக் குப்பி. உள்ளே கறுப்பாக, கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்தது. மூடியைத் திறந்ததும் பெப்பர்மின்ட் மிட்டாய் வாசம் வந்தது.

"தண்ணியில சொட்டுச் சொட்டா விட்டுக் குடிங்க மச்சான். நெஞ்சு அப்படியே அடங்கிப் போவும்" என்றான்.

அடங்கிப் போயிற்று. அன்றைக்கு அவர் அசந்து தூங்கியதைப் பார்த்து நான் அண்ணனைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மழைக்காலம் முடிந்தது. பகலில் அவருக்குக் குணமாகிவிட்டது போலத்தான் இருந்தது. ஆனால் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது இருமல் தொடங்கிவிடும். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமுவார். நான் அடுப்பை விட்டுவிட்டு ஓடிப்போய் முதுகைத் தடவிக்கொடுப்பேன்.

"நெஞ்சு கரகரங்குதுளா. அந்த மருந்தை எடு."

எடுத்துக் கொடுப்பேன். குடித்துவிட்டுக் கண்ணை மூடிச் சாய்ந்துகொள்வார். சிறிது நேரத்தில் முகம் தெளிந்து, மகளை மடியில் போட்டுக்கொண்டு கதை சொல்லுவார். அந்த நேரத்தில் அவரைப் போல நல்ல மனுஷன் ஊரில் கிடையாது.

எனக்கு உள்ளுக்குள் ஒரே பயம்தான். காசம். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லக்கூட அப்போது யாருக்கும் தைரியம் இருக்காது. டாக்டரிடம் காட்டலாம் என்று நான் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறேன்.

"காட்டலாம். டாக்டரு காசம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா கம்பெனியில விட்டு வைப்பானா? அப்புறம் மூணு பேரும் எங்கன போய் நிக்க?" என்பார்.  பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இருமல் சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று ஜன்னலைச் சாத்துவேன்.

என்னவெல்லாம் செய்தேன்! உப்பளத்துப் பக்கம் வேலைக்குப் போகிற பெண்களிடம் சொல்லி வைத்துத் தூதுவளைக் கீரை வாங்கினேன். ஆடாதொடை இலையை அவித்துக் கஷாயம் வைத்தேன். வீட்டில் மோரும் தயிரும் நின்றுபோயின. ஒரு நாள், மல்லிகைப் பூ வாசம் இருமலைக் கிளப்புகிறது என்று அவர் சொன்னார். அன்றோடு பூ வைப்பதை விட்டேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டதற்கு எனக்குத் தலைவலி வருகிறது என்று சொல்லிக்கொண்டேன்.

மருந்து மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. ஆபீஸ் விட்டு வரும் வழியில் அண்ணன் கடையில் ஏறி வாங்கி வந்துவிடுவார். சொட்டாக விட்டது போய்க் கரண்டியாயிற்று; கரண்டியும் போய் அப்படியே குப்பியைச் சாய்த்துக் குடிக்கலானார். சாப்பாடு குறைந்தது. வயிறு சரியாகப் போகவில்லை என்று சிடுசிடுப்பார். உட்கார்ந்த இடத்தில் கண் சொருகும். மருந்து கிடைக்கச் சற்றுத் தாமதமானால் கொட்டாவி மேல் கொட்டாவி வரும். மூக்கு ஒழுகும், உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டும். "சளி இறங்குது" என்பார். ஆமாம், சளிதான் இறங்குகிறது என்று நானும் துண்டால் துடைத்துவிடுவேன்.

சாராயக் கடைக்குப் போகிற ஆண்பிள்ளையை ஊர் ஏசும். மருந்துக் கடைக்குப் போகிறவனைப் பார்த்தால் பரிதாபப்படும். நானும் அந்த ஊர்க்காரிதானே.

அவருக்குக் குணமாக வேண்டும் என்று திருச்செந்தூருக்கு நடந்து வருவதாக நேர்ந்துகொண்டேன். புறப்படுகிற அன்று விடியற்காலையில் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் புதுக் குடை.

"வெயிலு ஏறிரும் தங்கச்சி. இதைப் பிடிச்சுக்கோ. மச்சானுக்கு எல்லாம் சரியாப் போவும், நீ மனசைப் போட்டு அலட்டாத" என்றான்.

உப்பளங்களைத் தாண்டி, முக்காணி, ஆத்தூர் வழியாக, காயல்பட்டினம் போய்ச் சேருவதற்குள் இரண்டு குதிகாலும் கொப்புளித்துவிட்டன. சந்நிதியில் நின்றபோது எனக்கென்று கேட்க ஒன்றும் தோன்றவில்லை. அவர் நெஞ்சுக்குள் இருப்பதை எனக்குக் கொடுத்துவிடு என்று வேண்டிக்கொண்டு வந்தேன்.

மகளுக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்த ஒரு தை மாதம். ஊரெல்லாம் சளிக் காய்ச்சல். அவளுக்கும் இருமல் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளையூரணியிலிருந்து ஆள் வந்து, என் சித்தி இறந்துவிட்டதாகச் சொன்னான். துட்டிக்குப் போகாமல் இருக்க முடியாது. இருமிக்கொண்டிருக்கிற பிள்ளையை அங்கே தூக்கிப் போகவும் மனமில்லை.

"நான் பாத்துக்கிடுதேன். நீ போயிட்டு வா" என்றார் அவர். மகள் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்து என்னை ஜட்கா வண்டியில் ஏற்றிவிட்டார்.

மத்தியானம் நான் திரும்பியபோது வீடு அமைதியாக இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அவ தூங்குதா. இருமல் நின்னுட்டு" என்றார். குரலில் ஒரு பெருமை.

குளித்துவிட்டு வந்துதான் பிள்ளையைத் தொட வேண்டும். குளித்து, ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு, பாயருகே போனேன். அவள் மூச்சு சரியில்லை. ஒரு மூச்சு இழுத்தால் அடுத்ததற்கு நான் காத்திருக்க வேண்டியிருந்தது. தொண்டையில் களகளவென்று சத்தம். உதடு நாவல்பழம் தின்றது போல நிறம் மாறியிருந்தது. கையைத் தூக்கினேன், விட்டதும் பொத்தென்று விழுந்தது. பெயர் சொல்லி உலுக்கினேன். கண் திறக்கவில்லை. வாயருகே குனிந்தபோது பெப்பர்மின்ட் வாசம் வந்தது.

"அத்தான், பிள்ளைக்கு என்ன குடுத்திய?"

"தேன் குடுத்தேன். வேற என்ன?"

அதற்கு மேல் நான் நிற்கவில்லை. பிள்ளையை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். நான் வந்த ஜட்கா தெருமுனையில் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அவரும் பின்னாலேயே ஓடிவந்து ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவர் கை மகளின் காலைப் பிடித்தபடியே இருந்தது. 

டாக்டர் பிள்ளையின் இமையைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார்.

"கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கு. குழந்தைக்கு ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

"இல்ல சார்" என்றார் என் கணவர்.

"அபின் கலந்த மருந்து ஏதாவது? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தெரிஞ்சாத்தான் நான் ஏதாவது செய்ய முடியும்."

"இல்ல சார். தேன் மட்டுந்தான்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், இவிய ஒரு இருமல் மருந்து குடிப்பாவ. பிள்ளை வாயில அதே வாசம் அடிக்கி" என்றேன்.

"அது பரண்ல இருக்கு சார். பிள்ளைக்கு எட்டாது. இவ பயத்துல எதையோ சொல்லுதா" என்றார் அவர்.

"மருந்து பேர் என்ன?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார். எனக்குப் பெயர் தெரியாது. எத்தனை தடவை என் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்! ஆனால் குப்பியில் ஒட்டிய சீட்டில் எல்லாம் இங்கிலீஷ். என் அண்ணன் கடையில் வாங்கியது என்று மட்டும் சொன்னேன். கடை இருக்கும் தெருவைச் சொன்னதும் ஆஸ்பத்திரிச் சேவகன் ஒருவன் சைக்கிளில் பறந்தான். அவன் வருவதற்குக் காத்திராமல் டாக்டர் குழாய் போட்டுப் பிள்ளையின் வயிற்றைக் கழுவத் தொடங்கினார்.

அண்ணன் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் வந்து நின்றான். கையில் அதே மாதிரி ஒரு குப்பி. டாக்டர் அதை வாங்கிச் சீட்டைப் படித்தார்.

"இதுல மார்பியா இருக்கு, அபின் சத்து. குளோரோபாரமும் இருக்கு. பெரியவங்களுக்கே சொட்டுக் கணக்குத்தான். சின்னக் குழந்தைக்கு இது விஷம். இவருக்கு எத்தனை நாளா குடுக்கிறீங்க? இருமல் அவ்வளவு மோசமா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். தாழ்த்தினாலும் எனக்குக் கேட்டது.

"இருமலுக்கு இல்ல டாக்டர். இருமல் எப்பமோ நின்னுட்டு. இது இல்லன்னா இப்பம் அவரால எழும்ப முடியாது. அதான்."

என் கை மகளின் பாதத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தது. தேய்ப்பதை நான் நிறுத்தவில்லை. இருமல் நின்றுவிட்டது என்றால் நேற்றுச் சாயங்காலம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு இருமியது யார் என்றுதான் என் மனம் கேட்டது.

"எவ்வளவு குடுத்தீங்க?" என்று டாக்டர் அவரிடம் திரும்பிக் கேட்டார்.

"ஒரு டீஸ்பூன்" என்றார் என் கணவர், சுவரைப் பார்த்தபடியே.

ஊசி போட்டார்கள். கடுங்காப்பியைக் குழாய் வழியாக ஊற்றினார்கள். அவளைத் தூங்கவிடக் கூடாது என்று நர்சம்மா ஈரத் துண்டால் முகத்திலும் உள்ளங்காலிலும் அடித்துக்கொண்டே இருந்தார். மூச்சு நின்ற ஒரு சமயம் டாக்டரே கையால் மார்பை அமுக்கி மூச்சு வரவழைத்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் வாயைக் கோணிக்கொண்டு அழுதாள். கிழிந்த துணி போல ஒரு குரல். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பக்கத்தில் வந்து என் தோளைத் தொட்டார். அந்தக் கையை எடுத்து அவர் மடியிலேயே வைத்தேன்.

மறுநாள் டாக்டர் அவர் நெஞ்சிலும் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, காசமும் இல்லை ஒன்றும் இல்லை என்றார். எந்தச் செய்திக்காக நான் குதிகால் கொப்புளிக்க நடந்தேனோ அந்தச் செய்தி அது. கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

மருந்தை நிறுத்துவதற்காக அவரை அங்கேயே படுக்க வைத்தார்கள். அந்த நாட்கள் கொடுமையானவைதான். வாந்தியும் பேதியுமாகக் கிடந்தார். எலும்புக்குள் எறும்பு ஊர்கிறது என்று கட்டில் கம்பியில் முட்டிக்கொண்டார். ஒரே ஒரு கரண்டி வாங்கிக் கொடு என்று என் காலைப் பிடிக்க வந்தார். நான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன், துணி மாற்றினேன், பேசவில்லை. உடம்பு தேறி எழுந்து உட்கார்ந்த பிறகு ஒரு மத்தியானம்தான் கேட்டேன்.

"டாக்டர் அத்தனை தடவை கேட்டாரு. ஏன் இல்லன்னிய?"

அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"சொன்னா, அந்த மருந்து உங்களுக்கு எதுக்குன்னு நீ கேட்டிருப்ப."

"பிள்ளை செத்துக்கிட்டிருந்தா."

"செத்துருவான்னு நான் நினைக்கல. எனக்குச் சுகமாத்தானே இருக்கு. அவ இருமுனது பொறுக்கல, அதான் குடுத்தேன்."

அது அன்பினாலா, அழுகைச் சத்தம் தாங்காமலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். நான் இன்னொன்று கேட்டேன்.

"ஆபீஸ்லயும் இப்படித்தான் இருமுவியளா?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அங்கன எதுக்கு இரும?" என்றார்.

நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வழியெல்லாம் அந்த வார்த்தைதான் கூட வந்தது. கப்பலில் இருமவில்லை, தோணியில் இருமவில்லை. எனக்காக மட்டும், என் வாசலில் நின்று, என் கை முதுகுக்கு வரும்வரை இருமியிருக்கிறார். பூ வாசமும் அப்படித்தானா என்று கேட்க நினைத்துக் கேட்காமலே விட்டுவிட்டேன். பதில் என்னவாக இருந்தாலும் என்னால் தாங்க முடியாது என்று தோன்றிற்று.

அண்ணன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே பேசினான்.

"நான் என்ன செய்ய, தங்கச்சி? சர்க்காரு தடுத்த சாமானா? எல்லாக் கடையிலயும் விக்கான். நான் குடுக்கலன்னா அவரு இன்னொரு கடைக்குப் போவாரு. என்கிட்ட வாங்குனா அளவாவது தெரியும்னு நினைச்சேன்."

"அளவு தெரிஞ்சு என்ன செஞ்ச?"

அவன் பழச் சீப்பைத் தரையில் வைத்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா அண்ணே?"

"மச்சான் சத்தியம் வாங்கிட்டாரு. தங்கச்சிக்குத் தெரிஞ்சா நான் உசுரோட இருக்க மாட்டேன்னு அழுதாரு. ஆம்பளை அழுதா என்ன செய்ய?"

"நான் திருச்செந்தூருக்கு நடந்து போறேன்னு தெரியும். எதுக்குப் போறேன்னு தெரியும். அப்பமும் குடையைக் கொண்டாந்து குடுத்து அனுப்புனியே! வழியில என் காலு பொத்துப் போச்சு. உனக்குச் சிரிப்பு வரலியா?"

"ஏளா, அப்படிச் சொல்லாத..."

அவன் அழுதான். அவன் அழுது நான் பார்த்தது அதற்கு முன் அப்பாவின் சாவில்தான். அன்று சேர்ந்து அழுத நான் இப்போது பார்த்துக்கொண்டு நின்றேன். வாழைப்பழத்தைத் திரும்ப எடுத்துப் போகச் சொன்னேன். எடுத்துக்கொண்டு போனான்.

கணவரை மன்னித்தேனா என்று கேட்டால், சேர்ந்து வாழ்ந்தேன் என்று சொல்லலாம். அவர் கடலுக்குப் போகிற வேலையை விட்டுவிட்டுக் கரையிலேயே, கிட்டங்கியில் சரக்குக் கணக்கு எழுதும் வேலைக்கு மாறினார். சில மாதங்களுக்குப் பிறகு ஒரு தடவை சட்டைப் பையில் அந்த வாசம் வந்தது. வேறு யாரோ ஒருவர் கடையில் வாங்கியிருக்கிறார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு ஆழ்வார்திருநகரியில் என் சினேகிதி வீட்டுக்குப் போய்விட்டேன். அவள் அங்கே பள்ளிக்கூட வாத்திச்சி. அவராகவே மறுபடி ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்து, தேறி, என்னைக் கூப்பிட வந்தார். அதன் பிறகு தொடவில்லை. மதுவிலக்கு வந்த புதிதில் குடிகாரர்கள் எல்லாம் போதைக்காக மருந்துக் கடை வாசலில் காத்து நின்ற காலத்திலும் அவர் தொடவில்லை. அது சுலபமான காரியம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அண்ணன் அந்தக் குப்பியை விற்பதை நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்வோம். அவன் பிள்ளைகள் என்னிடம் பிரியமாக இருக்கும். அவனோடு ஒரு வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து பேசியது மட்டும் அதற்குப் பிறகு இல்லை. கணவர் என்னிடம் மறைத்ததற்கு அவருடைய உடம்பு ஒரு காரணம். அந்த மருந்து அவரைப் பிடித்து ஆட்டியது. அண்ணனை எது பிடித்து ஆட்டியது? அந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைக்கவில்லை.

மகள் நன்றாக வளர்ந்தாள். அவளுக்கு எதுவும் நினைவில்லை. அப்பா என்றால் உயிர். பெரியவளான பிறகு ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீ ஏம்மா அப்பாவை எப்பமும் ஒரு மாதிரி பாக்க?" என்று கேட்டாள். நான் குழம்பு ஊற்றினேன். அவர்தான் கையைக் கழுவிவிட்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தார்.

ஒன்றும் மறைக்காமல் சொன்னார் என்றுதான் முதலில் நினைத்தேன். தனக்கு அந்தப் பழக்கம் இருந்ததையும், பொய்யாக இருமியதையும், அவளுக்கே ஒரு கரண்டி கொடுத்ததையும், அவள் பிழைத்ததையும் சொன்னார்.  மகள் அழுதுகொண்டே எழுந்துபோய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

டாக்டர் கேட்ட கேள்வியை அவர் சொல்லவில்லை. இரண்டு தடவை கேட்டதையும், தான் இரண்டு தடவையும் இல்லை என்றதையும் சொல்வாரா என்று கரண்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நானும் சொல்லவில்லை. அவள் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிடச் சொன்னேன்.